போர்ட்டன் பச்சை கோட் தாத்தாவுக்கு ஒரு தேங்க்ஸ்

போன வாரம் அம்மாவை கூட்டிக்கிட்டு போர்ட்டன்-ஆன்-தி-வாட்டர் போயிருந்தேன், இங்கிலாந்துல காட்ஸ்வோல்ட்ஸ் பக்கம், அப்பா அங்க ஆஸ்பத்திரியில டாக்டரா இருந்தப்போ மூணு வருஷம் அந்த ஊர்லதான் வாடகைக்கு இருந்தோம். வின்ட்ரஷ் ஆறு அப்படியே முழங்கால் தண்ணியோட ஓடுது, மாடல் வில்லேஜும் இருக்கு (1937ல திறந்தது, ஊரையே ஒம்போதுல ஒரு பங்கா சுருக்கி கட்டினது, அதுக்குள்ள இன்னொரு குட்டி மாடல் வேற!). எங்க வீடுதான் தெரியல, எல்லாமே அதே தேன் கலர் கல்லு. அம்மா மூஞ்சி வாடிப்போச்சு.

பாலத்துக்கிட்ட பச்சை கோட் போட்டு நாயோட ஒரு தாத்தா நின்னார். அம்மா அவர்கிட்ட, அப்பல்லாம் வாசல்ல வச்சிட்டுப் போற பால் பாட்டிலோட அலுமினிய மூடியை ப்ளூ டிட் குருவி கொத்தி பாலாடையை குடிச்சிடும், அதுக்கு பயந்து டீ கப்பை கவுத்து வைப்பேன்னு சொல்ல ஆரம்பிச்சாங்க, அவர் சிரிச்சுக்கிட்டே "சேலை மேல கார்டிகன் போட்டுக்கிட்டு வருவீங்களே, நீங்களா?"ன்னு கேட்டார் பாருங்க, அம்மா அழுதே போட்டாங்க.

தூறல்ல அரை மணி நேரம் அம்மா நடைக்கு மெதுவா நடந்து வீட்டு வாசல் வரை கொண்டுவந்து விட்டார். 1977ல ராணி எலிசபெத் பட்டத்துக்கு வந்து 25 வருஷம் ஆன ஜூபிலிக்கு தெருவுல மேஜை போட்டு சாப்பிட்டப்போ சாண்ட்விச்சுக்கு முன்னாடி அம்மா வடைதான் காலியாச்சாம்.

பதட்டத்துல பேரு கூட கேக்கல. ரொம்ப தேங்க்ஸ் தாத்தா. உங்க நாய் என் குடையை கடிச்சதெல்லாம் பரவாயில்ல.