அப்பாவின் மேசையில் பாதியில் நின்ற வேலையை முடித்துக் கொடுத்தவருக்கு

அன்புள்ள எல்லோருக்கும்,

அப்பா எங்களை விட்டுப் போனது உங்கள் எல்லோருக்கும் தெரியும். கூடவே இருந்து பார்த்தவர்கள் நீங்கள். அதனால் அதை மறுபடி எழுதவில்லை. ஒவ்வொருவர் வீட்டுக்கும் வந்து நன்றி சொல்ல இன்னும் தெம்பு வரவில்லை, அதனால்தான் இந்த மடல்.

இரவெல்லாம் ஆஸ்பத்திரி வாசலில் உட்கார்ந்திருந்த அப்பாவின் நண்பர்கள், எங்கள் பிள்ளைகளைத் தங்கள் பிள்ளைகளோடு சேர்த்துப் பார்த்துக்கொண்ட அக்கம்பக்கத்தினர், “பாக்கியை மெதுவா பார்த்துக்கலாம்” என்று போன் செய்து சொன்ன உதிரிபாகக் கடைக்காரர், அம்மாவோடு பேசாமல் சும்மா உட்கார்ந்திருந்தவர்கள், கடை பூட்டியிருப்பதைப் பார்த்துத் தங்கள் வாட்ச்சைப் பற்றி ஒரு வார்த்தை கேட்காமல் அப்பாவைப் பற்றி மட்டும் விசாரித்துவிட்டுப் போன வாடிக்கையாளர்கள். உங்களில் யாரையும் மறக்க மாட்டோம்.

ஒருவரைப் பற்றி மட்டும் விரிவாகச் சொல்ல வேண்டும். பெயரைப் போடக் கூடாது என்று கேட்டுக்கொண்டார். அப்பா செய்த அதே வாட்ச் ரிப்பேர் தொழில்தான் அவருக்கும். இத்தனை வருடங்களாக அவரை நான் அப்பாவின் போட்டிக்காரர் என்றுதான் நினைத்திருந்தேன்.

கடையைத் திறந்து, யார் யார் வாட்ச் இருக்கிறது என்று நானும் தம்பியும் பார்த்துக்கொண்டிருந்தபோது அவர் வந்தார். கையில் தன்னுடைய ஸ்டூல். அப்பாவின் நாற்காலியைக் காட்டினேன். “அது இருக்கட்டும்மா” என்று தன் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார். மேசையில் கண்ணாடி மூடிக்குள் ஒரு வாட்ச் பிரித்தபடியே கிடந்தது. அப்பா கடைசியாகக் கை வைத்தது. அதைத் தொட எங்கள் இருவருக்கும் மனசு வரவில்லை.

அவர் லென்ஸைக் கண்ணில் மாட்டிக்கொண்டு வெகுநேரம் அதையே பார்த்தார். அப்புறம் சொன்னார்: “சக்கரமெல்லாம் மாட்டி ஆயிலும் போட்டுட்டார் அண்ணன். பேலட்டும் பேலன்ஸும்தான் பாக்கி.” பேலன்ஸ் என்பது இப்படியும் அப்படியும் ஆடி நேரத்தை அளக்கும் சக்கரம்; அந்த ஆட்டத்துக்கு ஏற்ப மற்றச் சக்கரங்களைப் பிடித்துப் பிடித்து விடும் சின்னக் கவைதான் பேலட். சக்கர அச்சுகள் சுழலும், கல் பதித்த துளைகளில் மினுங்கும் எண்ணெயையும், தட்டில் வரிசையாக வைத்திருந்த திருகுகளையும் பார்த்தே அப்பா எந்த இடத்தில் எழுந்து போனார் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. நான் அந்தத் தட்டை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். எனக்கு அது வெறும் இரும்புத் தூளாகத்தான் தெரிந்தது.

பக்கத்தில், வாட்ச்சைக் கொடுத்தவரைப் பற்றி அப்பா எழுதிய சீட்டு இருந்தது. “அவங்க அப்பாவோட வாட்ச். கண்ணாடியில கீறல் அப்படியே இருக்கட்டும்.” அதைப் படித்துவிட்டுத் தலையாட்டினார். கண்ணாடியைத் துடைக்க மட்டும் செய்தார்.

சாவி கொடுக்கும் வாட்ச்சில் பேலன்ஸ் வீலை இறக்கி வைக்கும்போது, சாவி கொடுத்து முறுக்கும் ஸ்பிரிங்கில் கொஞ்சம் முறுக்கு இருந்தால் போதும், யாரும் தள்ளாமலே அது ஆட ஆரம்பித்துவிடும். பழைய வாட்ச்சுகள் பலவற்றில் விநாடிக்கு ஐந்து துடிப்பு, மணிக்கு 18,000. சின்ன வயதில் அந்த நொடி வரும்போது மட்டும் அப்பா என்னைக் கூப்பிடுவார். மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்ப்பேன். இவருக்கு அது தெரிய வாய்ப்பே இல்லை. ஆனாலும் அந்தச் சக்கரத்தை இடுக்கியில் எடுத்தபோது “வாம்மா, பாரு” என்றார்.

ஓடியது.

அதன் பிறகு அவர் செய்ததுதான் என்னால் தாங்க முடியாமல் போனது. வாட்ச்சைச் சர்வீஸ் செய்பவர்கள் பின்மூடியின் உள்பக்கத்தில், அணிந்திருப்பவர் கண்ணுக்கே படாத இடத்தில், ஊசியால் தங்கள் குறியையும் தேதியையும் கீறி வைப்பதுண்டு. அடுத்து திறப்பவருக்கு அது தகவல். அந்த மூடியைத் திருப்பிக் காட்டினார். அப்பாவின் எழுத்து, வெவ்வேறு வருடங்களில், ஒன்றின் கீழ் ஒன்றாக. அதற்குக் கீழே இவர் இந்த மாதத்தைக் கீறினார். பக்கத்தில் போட்டது தன் குறியை அல்ல, அப்பாவின் குறியை. உங்கள் குறியையும் போடுங்கள் என்றேன். “வேலை அண்ணனோடது. நான் மூடினது மட்டும்தான்” என்றார்.

அப்புறம்தான் தெரிந்தது, இருவருக்கும் நடுவில் போட்டியே இருந்ததில்லை. ஒருவரிடம் இல்லாத உதிரிபாகத்தை இன்னொருவரிடம் கேட்டு வாங்குவார்களாம். பழைய வாட்ச்சுகள் பலவற்றுக்குப் புதிய பாகம் கிடைப்பது கஷ்டம், பெரும்பாலும் ஓடாத இன்னொரு வாட்ச்சிலிருந்துதான் எடுக்க வேண்டும். பேலன்ஸ் வீலோடு இருக்கும், முடி போல மெல்லிய சுருளான ஹேர் ஸ்பிரிங்கின் சிக்கலைப் பிரிக்க அப்பாவிடம்தான் கற்றுக்கொண்டாராம். அப்பா வீட்டில் இதையெல்லாம் சொன்னதே இல்லை.

1969-இல் குவார்ட்ஸ் கைக்கடிகாரம் விற்பனைக்கு வந்த பிறகு, இந்தத் தொழில் உலகம் முழுக்கச் சுருங்கிக்கொண்டே வந்தது. அப்புறம் எல்லோர் கையிலும் கைபேசி. அப்பா பேட்டரி மாற்றினார், பட்டை மாற்றினார், அதில் எங்களைப் படிக்க வைத்தார். ஆனால் சாவி கொடுக்கும் வாட்ச் ஒன்று ஆயில் சர்வீஸுக்கு வந்துவிட்டால் அவர் முகமே மாறிவிடும். எண்ணெய் காய்ந்தால் அச்சு தேயும், நிற்கும் வரைக்கும் காத்திருக்காதீர்கள் என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார். செலவு செய்ய லாயக்கில்லாத வாட்ச் என்றால் அதையும் முகத்துக்கு நேரே சொல்லித் திருப்பிக் கொடுத்துவிடுவார். அவர் பெரிய பணம் சேர்க்காததற்கு அதுவும் ஒரு காரணம். எனக்கு அதில் பெருமைதான்.

கடையை அடுத்து என்ன செய்வது என்று இன்னும் முடிவு செய்யவில்லை. ஆனால் அப்பா வாங்கி வைத்த ஒரு வாட்ச்கூட உரியவர் கைக்குப் போகாமல் இருக்காது. மீதி வேலைகளையும் அவரே முடித்துத் தருவதாகச் சொல்லியிருக்கிறார். கூலி பேசப் போனேன், பேச விடவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க மட்டும் அனுமதி கேட்டிருக்கிறேன், சரி என்றிருக்கிறார்.

அப்பாவிடம் வாட்ச் கொடுத்தவர்கள் சாயங்காலம் கடைக்கு வாருங்கள். சீட்டு தொலைந்திருந்தாலும் பரவாயில்லை. வாட்ச் எப்படி இருக்கும், யாருடையது என்று சொன்னால் போதும். அப்பா எல்லாவற்றையும் நோட்டில் எழுதி வைத்திருக்கிறார்.

நன்றியுடன்,
மகள்