பதினெட்டு நாள் பாரதத்துக்கு இன்னும் 2,51,000 ரூபாய் வேண்டும்

ஸ்ரீ திரௌபதி அம்மன் துணை

தர்மபுரி மாவட்டம் பாப்பாரப்பட்டி பக்கம் உள்ள நம் ஊர்ப் பெரியோர்களுக்கும், ஓசூர், பெங்களூரு, திருப்பூர் என்று பிழைக்கப் போயிருக்கும் பிள்ளைகளுக்கும், வெளியூரில் கட்டிக்கொடுத்த அக்கா தங்கைகளுக்கும் பாரத விழாக் கமிட்டியின் வணக்கம்.

நேராக விஷயத்துக்கு வருகிறோம். பகலில் பாரதம் படித்து, இரவில் மகாபாரதக் கதையைத் தெருக்கூத்தாக ஆடும் நம் பதினெட்டு நாள் பாரத விழாவுக்கு வைகாசியில் கொடியேற்றம். கூத்தாடும் குழுவான ஜமாவுக்குத் தர வேண்டிய முன்பணத்தின் மீதியைச் சித்திரை கடைசிக்குள் கொடுத்தாக வேண்டும். தவறினால் அந்தப் பதினெட்டு இரவுகளுக்கும் வேறு ஊரில் வெற்றிலை பாக்கு வாங்கி ஒப்புக்கொள்வதாகக் கூத்து வாத்தியார் சொல்லிவிட்டார். அவரைக் குறை சொல்ல முடியாது. பங்குனியில் தொடங்கி ஆடி வரைக்கும்தான் அவர்களுக்குச் சம்பாத்தியம். மற்ற மாதங்களில் அர்ச்சுனனும் துரியோதனனும் ஒரே செங்கல் சூளையில் கூலிக்குப் போகிறார்கள்.

நோட்டீசின் முதல் படியைப் படித்த பெரியவர்கள் இருவர், "என்னப்பா, அதியமானைக் காணோமே" என்றார்கள். சரி, எழுதிவிடுகிறோம். ஔவைக்கு நெல்லிக்கனி கொடுத்த அதியமானின் தகடூர்தான் இன்றைய தர்மபுரி. மாடு பிடித்துப் போனவர்களைத் துரத்தி மீட்கப் போய் உயிரை விட்டவனுக்கு, 'தொறு மீட்டுப் பட்டான்' என்று கல்லில் வெட்டி நட்டு வைத்த மண் இது. நம் ஏரிக்கரையிலும் அப்படி ஒரு கல் நிற்கிறது. ஆடு மேய்க்கிறவர்கள் இன்றும் அதற்கு மஞ்சள் பூசிவிட்டுத்தான் நகர்கிறார்கள்.

விடுதலைப் போராட்ட வீரர் சுப்பிரமணிய சிவாவை மட்டும் யாரும் சொல்லாமலேயே எழுதியிருப்போம். தொழுநோய் கண்ட உடம்பு. ரயிலில் ஏறக் கூடாது என்று வெள்ளைக்காரன் தடுத்தான். கால்நடையாகவும் கட்டை வண்டியிலும் ஊர் ஊராகப் போய்ப் பேசினார். பாப்பாரப்பட்டியில் பாரத மாதாவுக்குக் கோவில் எழுப்ப ஆசைப்பட்டு, 1923இல் வங்கத் தலைவர் சித்தரஞ்சன் தாஸை அழைத்து அடிக்கல் நாட்ட வைத்தார். அதற்குப் பணம் கேட்டு அலைந்த அலைச்சலிலேயே உடம்பு ஓய்ந்து, 23.7.1925 அன்று பாப்பாரப்பட்டியிலேயே கண்ணை மூடினார். ஊர்க் காரியத்துக்குக் கை நீட்டுவதில் நமக்கு வெட்கமில்லை, அவரும் நீட்டியவர்தான்.

இனி, கூத்தால் என்ன ஆகப்போகிறது என்று கேட்பவர்களுக்கு.

மூன்று வருடத்துக்கு முன் நடந்த பாரதத்தை நினைத்துப் பாருங்கள். ராஜசூய யாகத்தன்று, மயன் கட்டிய மண்டபத்தில் தரை என்று நினைத்துத் துரியோதனன் தண்ணீரில் விழுந்து எழுகிறான். கூத்தின் கோமாளியான கட்டியக்காரன் அவன் உடையைப் பிழிவது போலப் பாவனை செய்துகொண்டே, "மகாராஜா, இதுக்குத்தான் எங்கூரு ஏரியில வந்து விழச் சொன்னேன். ஒரு பொட்டு நனைஞ்சிருக்க மாட்டீங்க" என்றான். கூட்டம் சிரித்து அடங்க ஐந்து நிமிடம் ஆனது. அப்புறம் ஒரு மாதிரி அமைதி. அடுத்த ஞாயிறு பதினோரு பேர் கடப்பாரையோடு வரத்துக் கால்வாய்க்குப் போனார்கள். மூன்றாவது ஞாயிறு அறுபது பேர். சீமைக் கருவேலத்தை வேரோடு பறித்து, முக்கால் கிலோமீட்டர் தூர் எடுத்தார்கள். அந்த ஐப்பசியில் ஏரியின் கீழ் மதகு வரை தண்ணீர் நின்றது. அது வரைக்கும் எத்தனை மனு எழுதினோம் என்று கமிட்டி நோட்டைப் புரட்டினால் தெரியும்.

இன்னொரு இரவு, ராஜசபையில் கட்டியக்காரன் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிறான். "சபைக்கு வெத்தலை போட்டுக்கிட்டு வரலாமாடா?" என்று ராஜா அதட்டுகிறார். "வெத்தலை இல்லீங்க மகாராஜா, போர்வெல் தண்ணி." முன்வரிசையில் இருந்த பையன்கள் சிரித்தார்கள், சிரித்த வேகத்தில் வாயைப் பொத்திக்கொண்டார்கள். அவர்கள் பல்லிலும் அதே காவிதான். ஃபுளோரைடு லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டினால் கெடுதல் என்று கூத்து முடிந்து பள்ளிக்கூட வாத்தியார் மைக்கில் சொன்னார். கொதிக்க வைத்தால் போகாது, தண்ணீர் சுண்டச் சுண்ட அளவு கூடத்தான் செய்யும் என்றார். வளரும் பிள்ளையின் பல்லில் ஏறிய கறை பிறகு தேய்த்தாலும் போகாது என்றும் சொன்னார். 2013இல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் வந்த பிறகும், போதாத நாளில் நாம் போர்வெல் தண்ணீரைக் கலந்து குடித்துக்கொண்டுதான் இருந்தோம். ஆகஸ்ட் 15 கிராமசபையில் நாற்பது பெண்கள் எழுந்து நின்றார்கள். பள்ளிக்கூடத்துக்கு ஒகேனக்கல் தண்ணீர் தனிக் குழாயில் வர வேண்டும் என்று தீர்மானம் எழுதி வாங்கிவிட்டுத்தான் உட்கார்ந்தார்கள். இப்போது வருகிறது.

மூன்றாவது சங்கதிதான் கொஞ்சம் சங்கடம். துகிலுரிதல் அன்று நம் பெண்கள் எப்படி அழுவார்கள் என்று உங்களுக்குத் தெரியும். கற்பூரம் ஏற்றி எல்லோரும் எழுந்து நின்றபோது கூத்தைப் பத்து நிமிடம் நிறுத்தினோம். பெண்ணுக்கு 18, பையனுக்கு 21 ஆகாமல் கல்யாணம் செய்தால் 2006ஆம் வருடச் சட்டப்படி நடத்தி வைத்தவருக்கு இரண்டு வருடம் வரை சிறை, ஒரு லட்சம் வரை அபராதம் என்று சொன்னோம். 1098 என்ற எண்ணை எல்லோரையும் மூன்று முறை சொல்ல வைத்தோம். பத்தே நாளில் யாரோ அந்த எண்ணுக்குக் கூப்பிட்டார்கள். ஒரு கல்யாணம் நின்றது. யார் கூப்பிட்டது என்று நாங்கள் விசாரிக்கவில்லை, விசாரிக்கவும் மாட்டோம். பத்தாவது முடித்திருந்த அந்தப் பெண் இப்போது கல்லூரி முதல் வருடம்.

ஆனால் ஒவ்வொரு பாரதத்துக்கும் 60,000 தந்துகொண்டிருந்த ஒரு குடும்பம் இந்த முறை, "கூத்து வைக்கச் சொன்னால் குடும்பத்தைக் கெடுக்கிறீர்கள்" என்று ரசீதுப் புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டது. அவர்களைப் பார்த்தும் இன்னும் இரண்டு மூன்று பேர் கையை இழுத்துக்கொண்டார்கள். துண்டு விழுந்த கதை இதுதான். அந்தப் பத்து நிமிடத்தை விட்டுவிட்டால் பணம் வரும் என்று தூது வந்தது. கமிட்டி உட்கார்ந்து பேசியது, சத்தம் போட்டுத்தான் பேசியது. விடுவதில்லை என்று முடிவானது. 2001 கணக்கெடுப்பில் நம் மாவட்டத்தில் ஆறு வயது வரை உள்ள குழந்தைகளில் 1,000 ஆணுக்கு 826 பெண்தான் இருந்தார்கள். 2011இல் 913. பெண் வேண்டாம் என்ற பேரை இந்த மாவட்டம் சம்பாதித்தது போதும்.

ஆகவே இந்த முறை பதினெட்டில் ஐந்து இரவு, இரவுக் கூத்து தொடங்கும் முன் அரை மணி நேரம் நம் பிள்ளைகளே எழுதிய சின்ன நாடகம். பறை அடிப்பது காலனித் தெரு இளைஞர்கள், அதே மேடையில். ஒரு காலத்தில் கயிறு கட்டிப் பிரித்து உட்கார வைத்த கூத்துக் களரி இது. பெரியவர்கள் இந்த வரி வேண்டாம் என்றார்கள், நாங்கள் விடவில்லை.

செலவு இதுதான். ஜமாவுக்கு இரவுக்கு 18,000 வீதம் 3,24,000. பகலில் பாரதம் படிக்கும் பிரசங்கியாருக்கும் பின்பாட்டுக்கும் 45,000. மைக் செட், விளக்கு, ஜெனரேட்டர் 72,000. அர்ச்சுனன் தவத்துக்கு ஏறும் தபசு மரம், படுகளத்தில் துரியோதனனை மண்ணில் செய்யும் வேலை, பூசை 38,000. அன்னதானம் 60,000. ஐந்து இரவு நாடகத்துக்கு ஒத்திகை, உடை, பறை 56,000. களரிக்குப் பின்னால் பெண்களுக்கு இரண்டு கழிவறை, தொட்டியோடு 1,35,000. ஆக மொத்தம் 7,30,000.

கழிவறை எதற்கு, கூத்துக்குச் சம்பந்தமா என்று இரண்டு பேர் கேட்டார்கள். பன்னிரண்டு மணிக்கு மேல் பெண்கள் பக்கம் பாய் ஏன் காலியாகிறது என்று அவரவர் வீட்டில் கேட்டுப் பார்க்கட்டும்.

வந்தது: தலைக்கட்டு வரி 214 குடும்பத்துக்கு 1,500 வீதம், கட்டியவர்கள் 168 பேர், 2,52,000. வெளியூர் நன்கொடை 1,96,000. உண்டியல் 31,000. கையிருப்பு 4,79,000. துண்டு 2,51,000.

போன முறை உதவியவர்களுக்கு நன்றி சொல்லாமல் இப்போது கேட்பது முறையல்ல. ஓசூர் கம்பெனிகளில் வேலை பார்க்கும் பையன்கள் ஆளுக்கு இரண்டு நாள் சம்பளம் அனுப்பினார்கள். அதில் ஒருவன் அப்போது தற்காலிக வேலையில் இருந்தான், பிறகுதான் தெரிந்தது. பெங்களூரில் கட்டட வேலை செய்யும் கொத்தனார்கள் மேடைத் தளத்தைக் கூலி வாங்காமல் போட்டுத் தந்தார்கள். மகளிர் குழுவினர் பதினெட்டு நாளும் களி கிண்டினார்கள். அந்தக் கேழ்வரகில் நாலு மூட்டை எங்கிருந்து வந்தது என்று இன்று வரை தெரியவில்லை, விடிந்து பார்த்தால் கோவில் வாசலில் இருந்தது. புளி கொடுத்தவர்கள், அவரைக்காய் பறித்துக்கொண்டு வந்தவர்கள், திரௌபதிக்குத் தன் கல்யாணப் பட்டைத் தந்த அக்கா, எல்லோருக்கும் அம்மன் அருள் கிடைக்கட்டும். வடக்குத் தெருப் பாட்டி ஒருவர் முந்தானை முடிச்சை அவிழ்த்து, ஐந்து ரூபாய் நாணயமாக 340 ரூபாய் எண்ணி வைத்தார். எண்ணி முடித்து, ரசீது கேட்டு வாங்கிக்கொண்டுதான் போனார். அந்த அடிக்கட்டையைப் பத்திரமாக வைத்திருக்கிறோம். அவர் இப்போது இல்லை.

வரி பாக்கி வைத்திருக்கும் 46 குடும்பங்களுக்கு ஒரு வார்த்தை. உங்கள் பாக்கி மட்டும் 69,000. போன முறை பெயரை மைக்கில் வாசித்துச் சண்டையானது, இந்த முறை வாசிக்க மாட்டோம். ஆனால் வரி நோட்டு கோவில் திண்ணையில்தான் இருக்கிறது, எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் புரட்டிப் பார்க்கிறார்கள். நிஜமாகவே முடியாதவர்கள் பொருளாளரிடம் தனியாகச் சொல்லுங்கள், பாதியாகவோ வேலையாகவோ கழித்துக்கொள்ளலாம். முடிந்தும் கட்டாதவர்கள் படுகளத்தன்று எங்கே போய் நின்று திரௌபதி கூந்தல் முடிவதைப் பார்ப்பீர்கள் என்பதை நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

வரி முழுதும் வந்தாலும் 1,82,000 குறையும். அதற்குத்தான் வெளியூரில் இருப்பவர்களைக் கேட்கிறோம். ஓர் இரவு ஜமா செலவை ஏற்றால் 18,000. அந்த இரவின் தொடக்கத்தில் கட்டியக்காரன் உங்கள் பெயரைச் சொல்லிப் பாடுவான், கொஞ்சம் கிண்டலும் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். அவ்வளவு முடியாவிட்டால் ஒரு மூட்டை அரிசி, ஐம்பது செங்கல், எதுவானாலும் சரி. பணத்தைக் கமிட்டியில் இருவர் கையெழுத்திட்ட ரசீது இல்லாமல் யாரிடமும் தர வேண்டாம். கணக்கு படுகளம் முடிந்த மூன்றாம் நாள் ஆலமரத்தடியில் வாசிக்கப்படும்.

இப்படிக்கு,
பாரத விழாக் கமிட்டியினர்

பி.கு.: போன பாரதத்தில் வெளியே போன நீல ஜமக்காளம் இரண்டு இன்னும் திரும்பவில்லை. யார் வீட்டில் இருந்தாலும் ராத்திரி கொண்டுவந்து திண்ணையில் போட்டுவிடலாம், கேட்க மாட்டோம்.