சோழர் கப்பலைச் சேற்றிலும் தேடலாம்

ஐயா,

பூம்புகார்க் கடலடி ஆய்வு பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம் மூழ்கிய நகரத்தோடு நின்றுவிடுகிறோம். அங்கே 1990களில் ஒரு கப்பலும் கிடைத்தது. ஆனால் அதிலிருந்த ஈயக் கட்டிகளில் 1791, 1792 என்று பொறித்திருந்தது. சோழர் காலத்துக்கும் அதற்கும் வெகுதூரம்.

சரி, சோழர் கால மரக்கலம் எங்கேதான் போயிற்று? திறந்த கடலில் கிடக்கும் மரத்தைக் கடற்புழு தின்று தீர்த்துவிடும். காற்றுப் புகாத சேற்றில் புதைந்தால்தான் பிழைக்கும். சீனாவின் சுவான்சௌவில் 1974இல் தோண்டியெடுத்த 13ஆம் நூற்றாண்டுக் கப்பல் அப்படிப் பிழைத்ததுதான். அதன் சரக்கில் மிளகும் வாசனைக் கட்டைகளும் இருந்தன. 1281ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு கிடைத்ததும் அதே ஊரில்தான்! கேரளத்துத் தைக்கலில் இடைக்காலப் படகு ஒன்று கடலில் இல்லை, நிலத்துக்குள் கிடைத்தது.

காவிரி கொட்டிய வண்டல் நம்மிடம் குறைவா? நாகப்பட்டினம், திருமுல்லைவாசல் பக்கம் பழைய முகத்துவாரங்கள் தூர்ந்து கிடக்கின்றன. இறால் குட்டை வெட்டும்போது பொக்லைனில் பழைய பலகை சிக்கினால் விறகுக்குத்தான் போகும். அப்படிப் போகாமல், வெயிலில் காய்ந்து வெடிக்காதபடி ஈரச் சாக்கைப் போட்டு மூடிவிட்டு, விஏஓவிடம் சொன்னால் போதும். தொல்லியல் துறை இதை ஊராட்சிகளுக்கும் மீனவர் கிராமங்களுக்கும் ஒரு பக்கத் துண்டறிக்கையாகவாவது அனுப்ப வேண்டும்.

— ஒரு வாசகர், நாகூர்