ஆசிரியர் இருக்கை

மஞ்சக்குப்பம், கடலூர்

அன்புள்ள தம்பி,

உன் கடிதம் வந்தது. பாப்பாவுக்குக் காய்ச்சல் விட்டுவிட்டது என்பதைக் கடைசி வரியில் எழுதியிருக்கிறாய். அதை முதலில் எழுதக் கூடாதா? நடுவில் பக்கம் பக்கமாக டைகர் மாத் என்ற, மேலும் கீழுமாக இரட்டை இறக்கை வைத்த பழைய பயிற்சி விமானம். அம்மா கேட்க நான்தான் வாசித்தேன். பங்கு வாங்கப்போகும் பகுதியை மட்டும் வாசிக்காமல் தாண்டிவிட்டேன்.

எண்பது வயதைக் கடந்த விமானம், மர இறக்கை, துணிப் போர்வை. அதில் நான்கைந்து பேரோடு கூட்டுச் சேரலாமா என்று என்னைக் கேட்கிறாய். வாழ்நாளெல்லாம் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தவனுக்கு ஆகாயத்தைப் பற்றி என்ன தெரியும்? ஆனாலும் கேட்டுவிட்டாய் என்று படிக்க உட்கார்ந்தேன். அது வினையாகிவிட்டது. இப்போது சாப்பாட்டு நேரத்தில்கூட அம்மாவிடம் அதையே பேசிக்கொண்டிருக்கிறேன்.

போர் விமானங்களுக்கு இருக்கிற பேரும் புகழும் பயிற்சி விமானத்துக்கு இல்லை. பிறகு ஏன் உங்கள் ஊர்க்காரர்கள் ஞாயிற்றுக்கிழமை தூக்கத்தை விட்டுவிட்டு, எண்ணெய்க் கறையோடு இதைச் சுற்றி வருகிறார்கள்? முதல் காரணம் காசு. 8,000-க்கும் மேல் செய்த விமானம் அது. இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் மலிவு விலைக்குத் தள்ளிவிட்டார்கள். நியூசிலாந்தில் அதை வாங்கி மேய்ச்சல் நிலத்துக்கு உரம் தூவினார்கள். அமெரிக்காவில் அதன் ஒன்றுவிட்ட தம்பி மாதிரியான ஸ்டியர்மேன் பயிற்சி விமானத்தில் வயலுக்கு மருந்தடித்தார்கள். அப்படி உழைத்துப் பிழைத்ததால்தான் இன்றைக்கு உங்கள் கைக்கு வந்திருக்கிறது.

இரண்டாவது காரணம் எனக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. நம் பயிற்சிப் பள்ளியில் ஓடிய அம்பாசிடர் உனக்கு நினைவிருக்கும். அதில் கற்றுக்கொண்டவர்கள் பின்னாளில் என்னென்னவோ கார் வாங்கினார்கள். என்னைக் கடைத்தெருவில் பார்த்தால் மட்டும், “அந்த வண்டி இன்னும் இருக்கிறதா சார்?” என்றுதான் கேட்கிறார்கள். என் உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்டவர்கள் குறைவு.

படித்ததில் என்னை உட்கார வைத்தவர் ராபர்ட் ஸ்மித்-பாரி என்ற பிரிட்டிஷ் விமானி. முதல் உலகப் போரில் விமானம் ஓட்டக் கற்றுக்கொடுத்தவர்களில் பலர் போர்முனையில் களைத்துப்போய்த் திரும்பியவர்கள். மாணவனிடம் கட்டுப்பாட்டைக் கொடுக்கவே அவர்களுக்குப் பயம். அவன் வெறும் பயணியாக உட்கார்ந்திருந்துவிட்டு, திடீரென்று ஒருநாள் தனியே மேலே அனுப்பப்பட்டுச் செத்தான். 1917-இல் இங்கிலாந்தின் காஸ்போர்ட்டில் ஸ்மித்-பாரி இதை மாற்றினார். விமானம் ஆவ்ரோ 504, அதுவும் இரட்டை இறக்கைதான். இருவருக்கும் கட்டுப்பாடு, ஆசிரியர் பேச ஒரு ரப்பர் குழாய். அதைவிட முக்கியம், விமானம் ஆபத்தான நிலைக்குப் போகும்படி வேண்டுமென்றே விட்டு, அதிலிருந்து மீள்வது எப்படி என்று மாணவனையே செய்ய வைத்தார். இடது பக்கம் பிரேக்கும் கிளட்சும் வைத்துக்கொண்டு, மஞ்சக்குப்பம் மைதானத்தில் எட்டுப் போடும் பையன் எப்போது தடுமாறுவான், எதுவரை விடலாம் என்று காலைத் தூக்கியபடியே உட்கார்ந்திருந்தவன் நான். அந்த மனிதர் செய்தது எவ்வளவு பெரிய காரியம் என்று எனக்குத் தெரியும்.

டைகர் மாத்தும் அந்த வழியில் வந்ததுதான். 1931 அக்டோபரில் முதலில் பறந்தது. அதன் இறக்கைகள் பின்னோக்கிச் சாய்ந்திருக்கின்றனவே, அழகுக்கென்றுதான் நினைத்தேன். அப்படியில்லை. முன் இருக்கை ஆசிரியர் ஆபத்தில் பாராசூட்டோடு வெளியேற இடம் வேண்டும் என்று மேல் இறக்கையை முன்னே தள்ளினார்களாம். அதனால் எடைச் சமநிலை கெட்டது. அதைச் சரிக்கட்டவே அந்தச் சாய்வு. வாத்தியார் உயிருக்காக வண்டியின் உருவத்தையே மாற்றியிருக்கிறார்கள்!

நீ எழுதியதில் எனக்கு மிகவும் பிடித்தது கன்னத்தில் படும் காற்று. விமானத்தைச் சாய்க்கிற மடலான எய்லரான் கீழ் இறக்கையில் மட்டும்தான். கட்டுப்பாட்டுக் குச்சியைச் சாய்த்து விமானத்தைத் திருப்பும்போது காலால் வால் சுக்கானான ரடரையும் அளவாகக் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் மூக்கு ஒரு பக்கம் இழுக்கும், விமானம் பக்கவாட்டில் வழுக்கும். திறந்த இருக்கையாதலால் உடனே ஒரு கன்னத்தில் காற்று அறையும். சரியாகத் திருப்பினால் காற்று நேரே முகத்துக்கு வரும். எந்த முள்ளையும் பார்க்க வேண்டாம். ஓட்டுவது எளிது, நன்றாக ஓட்டுவது கடினம் என்று அதைப் பற்றிச் சொல்வார்களாமே, காரணம் இதுதான். தப்பு செய்தவனை அது எளிதில் கொல்வதில்லை, ஆனால் தப்பை மறைத்தும் வைப்பதில்லை. இன்றைய கார்கள் ஓட்டுகிறவனின் தப்பைத் தாங்களே திருத்திவிட்டு அவனை கெட்டிக்காரன் என்று நம்ப வைக்கின்றன.

வேகத்தைச் சொல்லி நீ பெருமைப்பட்டுக்கொள்ள ஒன்றுமில்லை. மணிக்கு 140 கிலோமீட்டர் போனால் இங்கிருந்து புதுச்சேரிக்குப் பத்து நிமிடம். எதிர்க்காற்று அடித்தால் கிழக்குக் கடற்கரைச் சாலையில் பறக்கிற தனியார் பஸ் உன்னை முந்திவிடும்.

நம் நாட்டிலும் இது புதிதல்ல. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் ஹைதராபாத் பேகம்பேட்டையிலும் ஜோத்பூரிலும் பையன்கள் இதில்தான் கற்றார்கள். பின்னர் நம் நாட்டிலேயே செய்த எச்.டி-2 பயிற்சி விமானம் வந்து இடத்தைப் பிடித்தது. 2012-இல் டெல்லிக்கு அருகே ஹிண்டனில் நடந்த விமானப்படை நாள் அணிவகுப்பில் செப்பனிட்ட டைகர் மாத் ஒன்று பறந்தது. அதன் படத்தை எடுத்து வைத்திருக்கிறேன்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். கூட்டுச் சேர எனக்குச் சம்மதம். ஆனால் கையெழுத்துப் போடும் முன் அதே விமானத்தில், அதே பயிற்சியாளரிடம் சில மணி நேரமாவது ஓட்டிப் பார். துடைத்து மினுக்கிக் கொட்டகையில் நிறுத்துகிற ஆசை எனக்குப் பிடிக்காது. பயிற்சி வண்டி என்றால் மாணவன் ஏற வேண்டும். பங்கின் விலை பெரிதல்ல. கொட்டகை வாடகை, காப்பீடு, வருடாந்தரப் பரிசோதனை எல்லாம் விடாமல் வரும். எஞ்சினை முழுதாகப் பிரித்துப் போட வேண்டிய நாளுக்கு அந்தக் குழு பணம் ஒதுக்கி வைத்திருக்கிறதா என்று கேள். வாயாலே சொன்னால் போதாது, கணக்கைப் பார். எஞ்சினில் எண்ணெய் ஒழுகுவது சகஜம்தான் என்று சிரிப்பார்கள். ஒழுகட்டும், எங்கிருந்து ஒழுகுகிறது என்பதை மட்டும் தெரிந்துகொள்.

புரொப்பெல்லர் விஷயத்தில் நான் கண்டிப்பு. செல்ஃப் கிடையாது, கையால்தான் சுழற்ற வேண்டும் என்று உற்சாகமாக எழுதியிருக்கிறாய். பிரேக்கும் இல்லை என்கிறாய். உள்ளே விவரம் தெரிந்த ஒருவர் உட்காராமல், சக்கரத்துக்கு முட்டு வைக்காமல் அதைத் தொடாதே. சுவிட்ச் அணைத்திருக்கிறது என்று யார் சொன்னாலும், எந்த நேரமும் எஞ்சின் பிடித்துக்கொள்ளும் என்று எண்ணியே கை வை. கழுத்தில் மஃப்ளர் கூடாது. முறையாகச் சொல்லிக்கொடுக்கும்வரை அந்த வேலை வேறொருவருடையதாக இருக்கட்டும்.

மருமகளிடம் இன்னும் சொல்லவில்லை என்று தோன்றுகிறது. அவளைப் பற்றி ஒரு வரிகூட இல்லையே. முதலில் அவளிடம் பேசு, தொகையையும் சொல். அவள் சரி என்றால் அம்மாவை நான் பார்த்துக்கொள்கிறேன். அவள் வேண்டாம் என்றால் என்னைச் சிபாரிசுக்கு இழுக்காதே.

இன்னொன்று. பழகுகிறவன் பின்னால், பயணி முன்னால் என்று எழுதியிருந்தாய். அப்படியானால் ஜூன் மாதம் நாங்கள் வரும்போது எனக்குக் கிடைக்கப்போவது ஆசிரியர் இருக்கை. ஏறிப் பார்க்க ஆசைதான். என் எடை 78 கிலோ, வலது முழங்கால் முழுதாக மடங்காது. இந்த இரண்டையும் சொல்லி, ஏற முடியுமா என்று அந்தப் பயிற்சியாளரிடம் கேட்டு எழுது. அம்மா வாசிக்கிற கடிதத்தில் வேண்டாம், தனியாக எழுது.

அன்புடன்,
அப்பா