பழங்காசு சேர்ப்போர் கவனத்துக்கு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கோடை விடுமுறையில் பிள்ளைகளுக்கு நல்ல பொழுதுபோக்கு ஒன்றைப் பழக்குங்கள் என்று தங்கள் நாளிதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். தபால்தலை, நாணயம், மாடித்தோட்டம் என்று எல்லாவற்றிலும் நன்மை மட்டுமே இருப்பதுபோல் எழுதியிருந்தார்கள். இதில் நாணயம் பற்றி எனக்குக் கொஞ்சம் தெரியும். நான் அரசுப் பேருந்தில் நடத்துனராக இருந்து ஓய்வு பெற்றவன். கும்பகோணம் - மயிலாடுதுறை தடத்தில்தான் அதிக காலம் ஓடினேன். நாள் முழுக்கச் சில்லறையோடு புழங்கியதில் இந்த ஆசை தானாக ஒட்டிக்கொண்டது.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். தஞ்சைப் பெரிய கோயிலின் ஆயிரமாவது ஆண்டை ஒட்டி 2010-ல் ஐந்து ரூபாய் நாணயம் வெளியிட்டார்கள். ஆடுதுறையில் ஏறிய பூக்கார அம்மா கொடுத்த சில்லறையில் அது எனக்கு வந்தது. சட்டைப் பையிலிருந்து வேறு ஐந்து ரூபாயைப் பணப்பையில் போட்டுவிட்டு அதை எடுத்து வைத்துக்கொண்டேன். அதற்கப்புறம்தான் ஆண்டுக்குக் கீழே இருக்கும் சின்னக் குறியைப் பார்க்கப் பழகினேன். எந்த ஊர் நாணயச்சாலையில் அடித்தது என்று அது சொல்லும். வைர வடிவம் இருந்தால் மும்பை, நட்சத்திரம் என்றால் ஐதராபாத், புள்ளி என்றால் நொய்டா, ஒன்றுமே இல்லாவிட்டால் கொல்கத்தா.

பத்து ரூபாய் நாணயம் செல்லாது என்று எங்கள் பக்கம் புரளி கிளம்பியபோது இந்தப் பழக்கம் கைகொடுத்தது. மேலே பத்துக் கோடு இருந்தால் நல்லது, பதினைந்து இருந்தால் கள்ளக்காசு என்று டீக்கடையில்கூட வாங்க மாட்டார்கள். பேருந்தில் தினமும் தகராறு. ரூபாய்க் குறியீடு வருவதற்கு முந்தையது, பிந்தையது என்று என்னிடம் இருந்தவற்றைக் காட்டி, எல்லாம் அரசாங்கம் அடித்ததுதான் என்று விளக்குவேன். 14 வடிவங்களும் செல்லும் என்று ரிசர்வ் வங்கி 2018 ஜனவரியில் அறிவித்தபோது அந்தப் பத்திரிகைச் செய்தியை வெட்டிப் பையில் வைத்துக்கொண்டேன்.

நான் பத்தாம் வகுப்போடு நின்றவன். வடமொழி எழுதும் நாகரி எழுத்தில் 'ரா', 'ஜ' இரண்டையும் கற்றுக்கொண்டது ராஜராஜன் காலத்துச் செம்புக் காசைப் பார்த்துத்தான். ஒரு பக்கம் நிற்கும் உருவம், மறு பக்கம் உட்கார்ந்த உருவம். அந்த உட்கார்ந்தவரின் இடக்கைக்கு அடியில் பெயர் இருக்கும். கோயில் சுவரில் அவ்வளவு தமிழில் வெட்டி வைத்தவர் காசில் மட்டும் ஏன் நாகரியில் போட்டார் என்ற கேள்விதான் என்னை நூலகத்துக்கு இழுத்துக்கொண்டு போனது. தரங்கம்பாடிக்கு 1620-ல் வந்த டேனிஷ்காரர்கள், 1845-ல் ஆங்கிலேயரிடம் விற்றுவிட்டுப் போகும் காலம்வரை சொந்தமாகக் காசு அடித்ததும் அங்கேதான் தெரிந்தது. அந்தக் காசுகளில் கிரீடத்தின் கீழ் அரசர் பெயரின் முதலெழுத்துகள் பின்னிக் கிடக்கும்.

இனி, கட்டுரையில் விட்டுப்போனது. என்னிடம் காசு பார்க்க வரும் பையன்களில் பாதிப் பேர் முதலில் கேட்பது, "இது எவ்வளவு போகும் தாத்தா?" என்பதுதான். எந்த ஊர், யார் அடித்தது என்ற கேள்வியே வருவதில்லை. பழைய ஐந்து ரூபாய் நோட்டு இருந்தால் லட்சாதிபதி ஆகலாம் என்று கைபேசியில் வரும் வீடியோக்கள் செய்த வேலை இது. எங்கள் தெருவில் ஒருவர் அப்படி ஒரு விளம்பரத்தை நம்பி, பதிவுக் கட்டணம் என்றும் வரி என்றும் அனுப்பிக்கொண்டே இருந்து, கடைசியில் மனைவியின் தோட்டை அடகு வைத்தார். பழைய நோட்டு, நாணய விற்பனையில் தன் பெயரைச் சொல்லிக் கட்டணம் கேட்பவர்களை நம்ப வேண்டாம் என்று ரிசர்வ் வங்கியே 2021 ஆகஸ்டில் எச்சரித்திருக்கிறது. அந்தச் செய்தி எங்கள் தெருவுக்கு வந்து சேரவில்லை.

போலிகளும் நிறைய. உலோகத்தை உருக்கி வார்த்து எடுத்த போலிச் சோழக் காசு என்றால் விளிம்பில் இரண்டு அச்சும் சேர்ந்த கோடு பெரும்பாலும் தெரியும், எழுத்து மழுங்கி இருக்கும். சரி, உண்மையான காசே கிடைத்தாலும், பளபளப்பாக்குகிறேன் என்று புளி போட்டுத் தேய்த்து எழுத்தையே அழித்துவிடுகிறார்கள். மலிவான பிளாஸ்டிக் உறையில் போட்டால் நாளடைவில் செம்பு பச்சை பிடித்துக் கெட்டுப்போகும்.

இதையெல்லாம்விட என் மனதை அரிப்பது ஆற்றில் நடப்பது. காவிரி வற்றியதும் படித்துறை ஓரம் மணலைச் சலித்துக் காசு தேடுகிறார்கள். பக்தர்கள் போட்ட சில்லறையோடு சில சமயம் பழங்காசும் வரும். வயிற்றுப்பாட்டுக்காகச் சலிப்பவரை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அங்கேயே நின்று வாங்கிக்கொண்டு போகும் சேகரிப்பாளர்கள் இருக்கிறார்களே, அவர்கள் செய்வது தவறு. எந்த இடத்தில், எவ்வளவு ஆழத்தில், எதோடு சேர்ந்து கிடைத்தது என்ற விவரம் அந்த நிமிடமே போய்விடுகிறது. அதை எந்த விலை கொடுத்தும் திரும்ப வாங்க முடியாது. மண்ணுக்குள் புதைந்து கிடைத்த, பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள எதையும் கலெக்டருக்கு அறிவிக்க வேண்டும் என்று 1878-ஆம் ஆண்டின் புதையல் சட்டம் சொல்கிறது. நூறு ஆண்டு கடந்த நாணயம் 1972-ஆம் ஆண்டுச் சட்டப்படி தொல்பொருள். தனியார் யாரும் அதை வெளிநாட்டுக்கு அனுப்பக் கூடாது. சேகரிப்பவர்களிலேயே பலருக்கு இது தெரியாது.

ஆகவே இரண்டு வேண்டுகோள். தங்கள் சிறுவர் பக்கத்தில் வாரம் ஒரு நாணயத்தின் படம் போட்டு, யார் அடித்தது, எப்படி அடையாளம் காண்பது என்று எழுதுங்கள். விலையைப் போட வேண்டாம். இன்னொன்று, டெல்டா மாவட்ட நிர்வாகங்களுக்கு. ஆற்றிலோ வயலிலோ காசு கிடைத்தால் யாரிடம் கொடுப்பது, கொடுத்தவருக்குச் சட்டப்படி என்ன கிடைக்கும் என்பதைத் தமிழில் எழுதி, படித்துறைகளிலும் ஊராட்சி அலுவலகங்களிலும் தண்ணீர் திறப்பதற்கு முன்பே பலகை வைக்க வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற நடத்துனர் ஒருவர்,
கும்பகோணம்.