சராசரிச் சம்பளம் தவணை கட்டாது

ஐயா,

வணிக மேலாண்மைப் படிப்புக்கான கல்விக் கடன் பற்றிய தங்கள் தலையங்கம் படித்தேன். கல்லூரிகள் விளம்பரப்படுத்தும் சராசரி ஊதியத்தை நம்பிக் கடன் வாங்குவது சரியான கணக்கல்ல. நாலைந்து பேருக்குக் கிடைக்கும் பெருஞ்சம்பளமே சராசரியை உயர்த்திவிடும். பெரும்பாலோர் நிலை அதில் தெரியாது. 10 சதவீத வட்டியில் 10 ஆண்டுத் தவணை என்றால், வாங்கியதைப் போல ஏறக்குறைய 1.6 மடங்கு திருப்பிக் கட்ட வேண்டும். படிப்புக் காலத்தில் ஏறும் வட்டி தனி.

வங்கியின் கடன் பிரிவில் பணியாற்றியபோது பல நியமனக் கடிதங்களைப் பார்த்திருக்கிறேன். அவற்றில் காட்டும் ஆண்டு ஊதியத்தில் ஊக்கத்தொகை, காப்பீடு, வைப்புநிதி எல்லாம் அடக்கம். தவணை கட்டுவதோ கைக்கு வரும் பணத்தில்! எனவே கட்டண விவரத்துடன் இடைநிலை ஊதியத்தையும் (எல்லோர் சம்பளத்தையும் வரிசைப்படுத்தினால் நடுவில் வருவது) வேலை கிடைக்காதோர் எண்ணிக்கையையும் கல்லூரிகள் வெளியிடுவதைக் கட்டாயமாக்கலாம்.