சுங்கை சிப்புட்டிலிருந்து குணாவுக்கு

டேய் குணா,

நலம். தங்கச்சியும் பிள்ளைகளும் சுகம்தானே? பதில் போடவில்லை என்று திட்டியிருப்பாய், சரி, திட்டு. இப்போது விஷயத்துக்கு வருகிறேன்.

பினாங்கில் ஆயுசு முழுக்க சிப் சோதித்தாயே, உன் பிழைப்புக்கு ஆபத்து! டிஎன்ஏவில் கோப்புகளைச் சேமிக்கிறார்கள். கணினியின் 0, 1 வரிசையை ஏ, சி, ஜி, டி என்ற நான்கு எழுத்தாக மாற்றி, அதே வரிசையில் மூலக்கூறைச் செய்துவிடுகிறார்கள். உயிருள்ள எதுவும் வேண்டாம், வெறும் ரசாயனம். 2012-ல் ஹார்வர்டின் ஜார்ஜ் சர்ச் ஒரு புத்தகத்தையே இப்படி எழுதினார். 2017-ல் எர்லிக், ஜீலின்ஸ்கி என்ற இரண்டு ஆய்வாளர்கள் காட்டிய முறையில் ஒரு கிராமுக்கு 215,000 டெராபைட் பிடிக்கும். ஒரு கிராம்டா!

வேகத்தைக் கேட்டால் சிரிப்பாய். 2019-ல் மைக்ரோசாஃப்ட்டும் வாஷிங்டன் பல்கலைக்கழகமும் மனிதக் கை படாமல் எழுதிப் படிக்கும் இயந்திரம் செய்தார்கள். ‘ஹலோ’ என்ற ஒரு வார்த்தைக்கு 21 மணி நேரம். நம் தோட்டத்துக் கிராணி செக்ரோலில் ஆள் கணக்கு எழுதிய வேகம்தான். அவர் நடுவில் தேத்தண்ணிக்கும் போவார்.

எனக்கு உறுத்துவது வேகம் இல்லை, ஈரம். டிஎன்ஏவுக்கும் தண்ணீரும் சூடும்தான் எமன். சூரிக்கில் ராபர்ட் கிராஸ் குழுவினர் 2015-ல் அதைக் கண்ணாடித் துகளுக்குள் அடைத்து, 70 டிகிரியில் ஒரு வாரம் வைத்தும் பிழையின்றி மீட்டார்கள். மத்திய ஐரோப்பாவில் 2000 வருடம் வைத்ததற்குச் சமமாம். நம் ஊர்ப் புழுக்கத்துக்கு எத்தனை வருடம் தாங்கும்? உன் மகள் உயிர்த்தொழில்நுட்பம்தானே படிக்கிறாள், கேட்டுச் சொல்.

ஏன் இவ்வளவு புலம்புகிறேன் தெரியுமா? தோட்டத்து மாரியம்மன் திருவிழா வீடியோ டேப்பை எடுத்துப் பார்த்தேன். சுருளின் ஓரமெல்லாம் வெள்ளையாய்ப் பூஞ்சணம். உன் அப்பா தீ மிதித்தது அதில்தான் இருக்கிறது. நாம் குடியிருந்த லயத்து வீடுகளை இடித்துச் செம்பனை நட்டுவிட்டார்கள், கோயிலும் இடம் மாறிவிட்டது. நாம் அங்கே இருந்தோம் என்று காட்ட வேறு என்ன மிச்சம், சொல்?

உன்னிடம் இருக்கும் பிரதியைப் பிளேயரில் போட்டுவிடாதே, பூஞ்சணம் ஹெட்டில் ஒட்டி மற்ற டேப்பையும் கெடுக்கும். சுத்தம் செய்து மாற்றித் தரும் ஆள் ஈப்போவில் இருக்கிறாராம். தீபாவளிக்கு வரும்போது எடுத்து வா, சேர்ந்தே கொடுப்போம். பாதிச் செலவு உன்னுடையது. கராத்தே ராமுவிடம் கேட்டதுபோல் என்னிடம் தவணை கேட்காதே.

உன்,
செல்வம்